பெயர்த்தகடும் மரக்கூடும்: முதல் டிரம் செட்டின் பிறப்பை அறியும் வகை

புகழ்பெற்ற கலைஞர் கையாண்ட கருவிக்கு வரலாறு எழுதுவது எளிது. அது பொருட்காட்சிசாலையில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும். செய்தவர் யார், வாங்கிய ஆண்டு எது, எந்த அரங்கில் முழங்கியது என்பனவெல்லாம் ஏட்டில் இருக்கும். பல்லாயிரம் வீடுகளுக்குள் நுழைந்து, பல்லாயிரம் சிறுவர்களின் கைகளுக்கு முதன்முதல் தாளம் பழக்கிய கருவிக்கு வரலாறு எழுதுவது அத்துணை எளிதன்று. அதை வாங்கித் தந்த தந்தை மறைந்திருப்பார், கடைச்சீட்டு தொலைந்திருக்கும், கடையே மூடப்பட்டிருக்கும். எஞ்சியிருப்பவை இரண்டே. ஒன்று, வாசித்தவரின் நினைவு. மற்றொன்று, கருவியின் உடல்.

1960களில் அமெரிக்கச் சிறுவர்கள் பெற்ற முதல் டிரம் செட்டுகளின் நிலை இத்தகையது. அன்று பத்துப் பன்னிரண்டு வயதினராக இருந்தவர்கள் இன்று எழுபதை ஒட்டிய அல்லது எழுபதைக் கடந்த முதியவர்கள். வீட்டின் நிலவறையிலிருந்தோ பரணிலிருந்தோ பழைய டிரம் ஒன்று வெளிவரும்போது, அது லட்விக் நிறுவனத்தின் டிரம் என்று நினைவு உறுதியாகச் சொல்லும். தூசியைத் துடைத்துப் பார்த்தால் பெயர்த்தகட்டில் எவரும் கேள்விப்படாத வேறொரு பெயர் இருக்கும். சில வேளைகளில் பெயர்த்தகடே இராது. அது இருந்த இடத்தில் ஒரு சிறு துளை மட்டும் தெரியும்.

நினைவு பொய்யா, தகடு பொய்யா? இக்கேள்விக்கு விடை காணப் பழைய டிரம்களை ஆராய்வோர் கையாளும் முறை, கல்வெட்டாராய்ச்சியை ஒத்தது. கல்வெட்டில் ஆண்டு சிதைந்துபோனால் எழுத்தின் வடிவைக் கொண்டு காலத்தைக் கணிப்பர். அதுபோல் டிரம்மில் பெயர் மறைந்துபோனால் மரம், உலோகம், வண்ணம், திருகாணி ஆகியவற்றைக் கொண்டு அதன் காலத்தையும் அது பிறந்த ஆலையையும் கணிக்கின்றனர்.

பல நாட்டுக் கருவிகளின் கூட்டு

டிரம் செட் தனிக் கருவி அன்று. பல நாட்டுத் தோற்கருவிகளும் உலோகக் கருவிகளும் ஓரிடத்தில் கூடிய தொகுதி. அதன் ஸ்நேர் டிரம் ஐரோப்பியப் படைகளில் போர்வீரர் இடுப்பில் தொங்கவிட்டு முழக்கியதன் வழிவந்தது. பாஸ் டிரம் என்னும் பெரிய முரசு, துருக்கிய ஜானிசரிப் படையின் இசைக்குழுவிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குச் சென்றது. வெண்கலச் சிம்பல்களும் துருக்கியின் கொடையே. டாம் டாம் என்னும் பக்க முரசுகள் முதலில் சீனத்திலிருந்து வந்தவை. அவற்றின் பன்றித்தோல் ஆணியால் அறையப்பட்டிருக்கும். சுருதியைக் கூட்டவோ குறைக்கவோ வழி இராது.

19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இவற்றை வாசிக்க இருவரோ மூவரோ வேண்டியிருந்தது. ஒருவரே எல்லாவற்றையும் வாசிக்க இடந்தந்தது, காலால் அழுத்தும் பெடல். நியூ ஆர்லியன்ஸ் நகரில் டீ டீ சாண்ட்லர் என்னும் கலைஞர் 1890களிலேயே மரத்தால் ஒரு பெடல் அமைத்து வாசித்தார் என்பர். விரைந்த தாளத்துக்கு ஏற்ற பெடலைச் சிகாகோ நகரின் வில்லியம் எப். லட்விக் வடிவமைத்தார். 1909ஆம் ஆண்டில் அவரும் அவருடைய தம்பி தியோபால்டும் சேர்ந்து தொடங்கிய கடையே பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற லட்விக் நிறுவனமாக வளர்ந்தது. 1920களில் இரு சிம்பல்களைக் காலால் மோதச் செய்யும் ஹை-ஹாட் சேர்ந்தது. 1936ஐ ஒட்டி, ஜீன் குரூப்பா என்னும் கலைஞரின் விருப்பத்துக்கிணங்க, ஸ்லிங்கர்லாண்ட் நிறுவனம் இருமுகத் தோலையும் திருகாணியால் முறுக்கிச் சுருதி சேர்க்கக்கூடிய டாம் டாம்களைச் செய்தது. இன்று காணும் டிரம் செட்டின் வடிவம் அதனோடு நிறைவுற்றது எனலாம்.

பெடல், லக், வளையம், திருகாணி என்று ஒவ்வோர் உறுப்பும் ஒவ்வோர் ஆண்டில் சேர்ந்தமையால், ஒவ்வோர் உறுப்பும் காலத்துக்குச் சான்றாகிறது. லக் என்பது திருகாணியைத் தாங்குவதற்காக மரக்கூட்டின் மேல் பொருத்தப்படும் உலோகப் பிடி. அதன் வடிவை ஒவ்வொரு நிறுவனமும் தனக்கே உரிய முறையில் வார்த்துக்கொண்டது. பழகிய கண்ணுக்கு அது எழுத்தின் சுழியைப் போலத் தெளிவான அடையாளம்.

விற்கப்பட்ட பெயர்

டிரம் ஒன்றை இனங்காண முற்படுவோர் முதலில் பார்ப்பது பெயர்த்தகட்டை. ஆயின் பெயரை மட்டும் நம்புவதில் உள்ள இடரை லட்விக் நிறுவனத்தின் வரலாறே காட்டும்.

1920களின் இறுதியில் பேசும்படம் வந்தது. ஊமைப்படங்களுக்கு அரங்கில் அமர்ந்து வாசித்த டிரம் கலைஞர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தனர். டிரம் விற்பனை சரிந்தது. அந்நெருக்கடியில் லட்விக் நிறுவனம், கான் என்னும் பெரிய இசைக்கருவி நிறுவனத்தின் கைக்கு மாறியது. நிறுவனத்தோடு பெயரும் போயிற்று. பின்னர் வில்லியம் லட்விக் அங்கிருந்து விலகி, 1937ஆம் ஆண்டில் சிகாகோவில் மீண்டும் சொந்தமாக ஆலை தொடங்கினார். தாம் செய்த டிரம்மில் தம் குடும்பப் பெயரைப் பொறிக்க அவருக்கு உரிமை இல்லை. ஆகவே தம் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு டபிள்யூ.எப்.எல். என்று பொறித்தார். 1955ஆம் ஆண்டில்தான் கான் நிறுவனத்திடமிருந்து பழைய பெயரை விலைகொடுத்து மீட்டார்.

அந்த இடைக்காலத்தில் லட்விக் என்று பொறித்த டிரம்களை வில்லியம் லட்விக் செய்யவில்லை. அவர் செய்த டிரம்களில் லட்விக் என்ற பெயர் பெரிதாக இல்லை. தகட்டை மட்டும் படித்து வரலாறு எழுதுவோர் இங்கே தவறாமல் வழுக்கி விழுவர்.

1955க்குப் பிறகும் சிக்கல் தீரவில்லை. பழைய தகடுகள் 1950களின் இறுதிவரை வழக்கில் இருந்தன. 1960ஐ ஒட்டி, வளைவுக் கட்டடத்தின் உச்சிக்கல்லைப் போன்ற வடிவமுடைய புதிய தகடு வந்தது. 1963ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி அதில் வரிசை எண் பொறிக்கப்பட்டது. 1969ஐ ஒட்டி நீலமும் பச்சையும் கலந்த வேறு தகடு வந்தது. வரிசை எண்ணைக் கொண்டு ஆண்டைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் எண் பொறித்த தகடுகள் ஆலையில் ஒரு பெட்டியில் கொட்டிக் கிடந்தன. தொழிலாளியின் கைக்கு எது கிடைத்ததோ அது டிரம்மில் ஏறிற்று. ஆகவே எண் ஏறத்தாழக் காலத்தைக் காட்டுமேயன்றி, பிறந்த நாளைக் காட்டாது.

மற்றோர் இடரும் உண்டு. டிரம்மின் கூட்டில் காற்று வெளிப்படுவதற்கு ஒரு துளை இருக்கும். பல நிறுவனங்கள் தகட்டை அத்துளையில் ஓர் உலோகக் குழலால் பொருத்தின. பொருத்தியதைக் கழற்றவும் முடியும். உயர்ந்த பெயருக்கு உயர்ந்த விலை கிடைக்கும் நிலையில், தகடு மட்டும் கைமாறித் தகுதியற்ற கூட்டில் ஏறுவது பழம்பொருள் வாணிபத்தில் அறியாத செய்தியன்று.

உடல் கூறும் சான்று

தகடு தடுமாறும் இடத்தில் மரக்கூடு பேசத் தொடங்குகிறது. டிரம்மின் தோலைக் கழற்றி உள்ளே நோக்குவதே ஆராய்ச்சியின் முதற்படி.

லட்விக் டிரம்மின் உட்புறம் ஏறத்தாழ 1961வரை வெள்ளை வண்ணம் பூசப்பட்டிருக்கும். அதன்பின் 1968வரை சாம்பல் நிறத்தில் புள்ளிகள் தெறித்தாற்போன்ற பூச்சு காணப்படும். அதற்குப் பின் மரத்தின் இயல்பான நிறமே தெரியும்படி தெளிந்த மெருகு இடப்பட்டது. கூடு மூன்று மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வளைத்துச் செய்யப்பட்டது. அது கோணிவிடாதபடி மேலும் கீழும் உள்வளையம் கொடுக்கப்பட்டது. 1976ஐ ஒட்டி ஆறு தகடுகள் கொண்ட கூடு வந்தபோது அந்த வளையம் மறைந்தது. சில கூடுகளின் உட்புறத்தில் சிவப்பு மையில் மாதமும் நாளும் ஆண்டும் முத்திரையிடப்பட்டிருக்கும். ஆலைத் தொழிலாளி தம் கணக்குக்காக இட்ட அந்த முத்திரை, அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ச்சியாளருக்குப் பிறப்புச் சான்றிதழாகிறது.

போர்க்காலம் கூட டிரம்மின் உடலில் பதிந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது, இசைக்கருவிகளில் உலோகம் எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் இருத்தலாகாது என்று அமெரிக்க அரசு கட்டுப்பாடு விதித்தது. லக்கும் வளையமும் மரத்தால் செய்யப்பட்டன. ஸ்லிங்கர்லாண்ட் நிறுவனம் ரோஸ்வுட் மரத்தில் கடைந்த லக்குகளுடன் டிரம் செய்து விற்றது. மரத்தாலான லக்கைக் கண்டவுடன், அந்த டிரம் போர் ஆண்டுகளில் பிறந்தது என்று பெயர்த்தகட்டைப் பாராமலே சொல்லிவிடலாம்.

தோலும் காலத்தைக் கூறும். 1950களின் நடுப்பகுதிவரை டிரம்முக்குக் கன்றுத்தோலே பயன்பட்டது. மழைக்காலத்தில் அது தளரும், வெயிலில் இறுகும், வாசிப்பவர் ஓயாமல் திருகாணியோடு போராட வேண்டும். 1957ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ரீமோ பெல்லி என்பவர் மைலார் என்னும் பிளாஸ்டிக் ஏட்டால் செய்த முகத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஈரமும் வெப்பமும் அதை அசைப்பதில்லை. ஆயினும் தோல் தேயும் பொருள், பலமுறை மாற்றப்பட்டிருக்கும். தோலை மட்டும் கொண்டு காலத்தை முடிவுசெய்தல் பொருந்தாது.

எல்லாவற்றினும் நம்பத்தக்க சான்று, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. முத்துச்சிப்பியின் மினுமினுப்புடைய செல்லுலாய்ட் மேலுறையால் அந்நாளைய டிரம்கள் போர்த்தப்பட்டன. வெண்முத்து நிறம் வெயிலாலும் முதுமையாலும் சிகரெட் புகையாலும் மஞ்சளித்துப்போகும், நீலம் வெளிறும், சிவப்பு மங்கும். லக்கைக் கழற்றிப் பார்த்தால், அதன் நிழலில் இருந்த இடம் மட்டும் ஆலையிலிருந்து வந்த அன்று எந்த நிறமோ அதே நிறத்தில் இருக்கும். லக்கை எவரும் மாற்றியிருந்தால் பழைய லக்கின் உருவும் அங்கே நிழலாகத் தெரியும். கூட்டுக்கு நேர்ந்தது எதையும் மேலுறை மறப்பதில்லை.

ஓர் இரவும் அதன் விளைவும்

1964ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் இரவு, பீட்டில்ஸ் என்னும் ஆங்கில இசைக்குழு, நியூயார்க்கில் எட் சலிவன் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றியது. ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சம் பேர் அதைக் கண்டனர். உயர்ந்த மேடையில் அமர்ந்து வாசித்த ரிங்கோ ஸ்டார், அதற்கு முந்திய ஆண்டில்தான் தம் பழைய பிரிமியர் டிரம்களை விடுத்து, லண்டனில் லட்விக் டிரம்களை வாங்கியிருந்தார். கருமுத்து நிறமுடைய அந்த வகை டிரம்மும், பாஸ் டிரம்மின் முகத்தில் குழுவின் பெயருக்கு மேலே எழுதியிருந்த லட்விக் என்ற எழுத்தும் அன்றிரவு வீடுதோறும் சென்றன.

மறுநாள் முதல் இசைக்கருவிக் கடைகளில் ஒரே கேள்வி. சிகாகோவிலிருந்த லட்விக் ஆலை இரவு பகலாக இயங்கியும் தேவையை நிறைவு செய்ய இயலவில்லை. முழுமையான லட்விக் செட் ஒன்றின் விலை சில நூறு டாலர். ஆலைத் தொழிலாளிக்கும் அலுவலக எழுத்தருக்கும் அது பல வாரச் சம்பளம். தாளம் பிடிக்குமா, பத்து நாளில் சலித்துவிடுமா என்று தெரியாத பன்னிரண்டு வயது மகனுக்கு அவ்வளவு பணம் செலவிட எத்தனை தந்தையர் துணிவர்? அவர்கள் மலிவானதைத் தேடினர். அந்தத் தேவையை நிறைவு செய்ய முன்வந்த நாடு ஜப்பான்.

பல பெயர் பூண்ட டிரம்

1946ஆம் ஆண்டில், போரில் எரிந்து கிடந்த தோக்கியோ நகரின் சுமிதா பகுதியில், கட்சுமி யானகிசாவா என்பவர் இசையேடு வைக்கும் தாங்கிகளைச் செய்யத் தொடங்கினார். 1950ஆம் ஆண்டில் அவர் டிரம் செய்யலானார். அவருடைய தொழிலே பேர்ல் என்னும் பெயரில் வளர்ந்தது. 1961ஆம் ஆண்டில் சீபா பகுதியில் எழுந்த அதன் புதிய ஆலை டிரம் செட்டுகளைப் பெருந்தொகையில் ஏற்றுமதி செய்தது. ஹோஷினோ என்னும் மற்றொரு நிறுவனமும் ஸ்டார் என்ற பெயரில் டிரம் விற்கத் தொடங்கியது.

அமெரிக்காவில் இறங்கிய அந்த டிரம்களில் ஆலையின் பெயர் இருப்பது அரிது. இறக்குமதி செய்த வணிகர், தாம் விரும்பிய பெயரைத் தகட்டில் பொறிக்கச் சொன்னார். மாக்ஸ்வின், ரெவெல், ஸ்டூவர்ட், அப்பல்லோ, மெஜஸ்டிக், கொரோனெட் என்று முப்பதுக்கு மேற்பட்ட பெயர்களில் பேர்ல் ஆலையின் டிரம்கள் விற்கப்பட்டன. அச்சுத்தகட்டை வைத்து எந்தப் பெயரையும் எழுதிக்கொள்வது போன்ற வழக்கமாதலின், இவற்றை ஸ்டென்சில் டிரம் என்று ஆராய்ச்சியாளர் அழைப்பர். ஒரே ஆலையில் ஒரே நாளில் பிறந்த இரு டிரம்கள் ஒரே கப்பலில் ஏறி, வேறு வேறு பெயருடன் வேறு வேறு கடையில் இறங்கின. வணிகர் வேண்டியபோது ஆலையை மாற்றிக்கொள்ளவும் தடை இல்லை. ஆகவே இத்தகைய டிரம்மில் தகட்டைப் படித்து ஆலையைச் சொல்ல முடியாது.

ஆயின் உடலைப் படித்தால் பெரும்பாலும் சொல்லிவிட முடிகிறது. லக்குகள் அமெரிக்க டிரம்களின் லக்குகளைப் பார்த்து வார்க்கப்பட்டவை. எட்ட நின்று பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. கழற்றிப் பார்த்தால் உலோகம் மெலிந்தும் எடை குறைந்தும் இருக்கும். திருகாணி இன்னும் உறுதியான சான்று. அமெரிக்க டிரம்களின் திருகாணிக்கு ஓர் அங்குலத்தில் 24 மரை; அதைப் பழைய ஜப்பானிய லக்கில் செலுத்தினால் பலவற்றில் சேராது. மேலுறை மெல்லியது, அதன் பொருத்து கூட்டின் மேல் ஓர் ஒழுங்கற்ற கோடாகத் தெரியும். பிறநாட்டுப் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்பது அமெரிக்கச் சட்டமாதலின், எங்கேனும் ஒரு மூலையில் ஜப்பானில் செய்யப்பட்டது என்ற சிறு எழுத்தோ ஒட்டுத்தாளோ இருந்திருக்கும். ஒட்டுத்தாள் உதிர்ந்துவிடும், ஆனால் அது ஒட்டியிருந்த இடத்தின் நிறம் வேறுபட்டிருக்கும்.

மரத்தின் வழி ஓர் உறவு

இந்த ஆராய்ச்சியில் மலேசிய வாசகருக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. ஸ்டென்சில் டிரம்மின் கூட்டை உட்புறமாக நோக்கினால், செம்மை கலந்த பழுப்பு நிறமும் திறந்த துளைகளும் உடைய இலேசான மரம் தெரியும். அது லாவான் என்னும் மரம். அமெரிக்க வணிகர் அதற்குப் பிலிப்பைன்ஸ் மகாகனி என்று பெயர் சூட்டி விற்றனர். அது மகாகனி மரமே அன்று. டிரம்முக்குப் பொய்ப்பெயர் வாய்த்தது போலவே அதன் மரத்துக்கும் வாய்த்தது.

லாவான் என்று பிலிப்பைன்ஸ் தீவுகளில் வழங்கும் மரங்களின் இனத்தைத்தான் மலேசியர் மெரந்தி என்பர். சபாவில் செராயா என்றும் வழங்கும். போருக்குப் பின் ஜப்பானில் ஒட்டுப்பலகைத் தொழில் பெருகியபோது, அதற்கு வேண்டிய மரக்கட்டைகளைத் தென்கிழக்காசியக் காடுகளே தந்தன. முதலில் பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்தும், பின்னர் சபா, இந்தோனேசியக் காலிமந்தான் ஆகிய பகுதிகளிலிருந்தும் கட்டைகள் கப்பல் கப்பலாகச் சென்றன. 1960களில் சண்டாக்கான் துறைமுகத்தின் செழிப்புக்கு அந்த மர ஏற்றுமதியே பெருங்காரணம். இன்ன டிரம்மின் மரம் இன்ன காட்டில் வெட்டப்பட்டது என்று சுட்டுவதற்கில்லை. ஆனாலும் போர்னியோவிலோ பிலிப்பைன்ஸிலோ ஒரு தொழிலாளி வீழ்த்திய மரம், ஜப்பானில் ஏடாகச் சீவப்பட்டு, வளைக்கப்பட்டு, அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் கிறிஸ்துமஸ் காலையில் ஒரு சிறுவனின் முன் டிரம்மாக நின்றது என்பது வரலாற்று உண்மை. இத்தனை கைகளில் ஒரு கையின் பெயரும் அந்தத் தகட்டில் இல்லை.

நினைவு எவ்வாறு தடுமாறுகிறது

முதியவர் ஒருவர் தம் முதல் டிரம் லட்விக் என்று உறுதியாகச் சொல்வதும், கூடு லாவான் மரமாக இருப்பதும் அடிக்கடி நேர்வது. அவர் பொய் சொல்லவில்லை. தொலைக்காட்சியில் அவர் கண்டது லட்விக். கண்ணாடி முன் நின்று அவர் வாசித்ததாக எண்ணிக்கொண்டதும் லட்விக். பின்னாளில் சம்பாதித்து வாங்கியதும் ஒருவேளை லட்விக்காக இருக்கலாம். விரும்பியதும் பெற்றதும் அறுபது ஆண்டுகளில் ஒன்றாகக் கலந்துவிட்டன. நினைவு விலையையும் தகட்டையும் மறக்கும். அண்டை வீட்டார் சுவரைத் தட்டியதையும், முதல் அடியில் தந்தை முகத்தில் தோன்றிய சிரிப்பையும் மறப்பதில்லை. ஆகவே நினைவைச் சான்றாகக் கொள்வோர், அது எதற்குச் சான்று என்று பகுத்தறிதல் வேண்டும். வாங்கிய கடை எந்தத் தெருவில் இருந்தது, யார் கூட வந்தார், எந்த அறையில் டிரம் நின்றது என்று கேட்டால் நினைவு தெளிவாக விடை கூறும். செய்த நிறுவனம் எது என்று கேட்டால் விருப்பம் முந்திக்கொண்டு விடை கூறும்.

நினைவுக்கும் கருவிக்கும் இடையே நடுவராக நிற்கவல்லது பழைய நிழற்படம். முத்து மேலுறையின் சுழிகளும் வரிகளும் ஒரு டிரம்மில் இருப்பது போல மற்றொன்றில் இரா, கைரேகைக்கு ஒப்பானவை. குடும்பப் படம் தெளிவாக இருந்தால், அதில் காணும் சுழியைக் கையில் உள்ள டிரம்மின் சுழியோடு ஒப்பிட்டு, இதுவே அது என்று ஐயமின்றிச் சொல்லலாம். படம் கறுப்பு வெள்ளையாக இருப்பினும் லக்கின் வடிவும், தாங்கியின் அமைப்பும், பாஸ் டிரம்மின் அளவும் தெரியும்.

பெரும்புகழ் பெற்றவரின் வரலாற்றிலும் முதல் டிரம் எளியதாகவே இருந்தது. ரிங்கோ ஸ்டார் 1963இல் வாங்கிய லட்விக் டிரம்களும், 1964 நிகழ்ச்சியில் காணப்பட்ட பாஸ் டிரம் முகமும் 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தனித்தனியே ஏலம் விடப்பட்டபோது, ஒவ்வொன்றும் 20 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயின. ஆனால் அவருக்கு முதன்முதல் கிடைத்த செட், 1957ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு மாற்றாந்தந்தை ஹாரி கிரேவ்ஸ் வாங்கித் தந்த பழைய செட். அதில் ஒரு ஸ்நேர் டிரம்மும் ஒரு பாஸ் டிரம்மும் இருந்தன. சிம்பலுக்குப் பதிலாகக் குப்பைத் தொட்டியின் மூடி இருந்தது. மூடிக்குப் பெயர்த்தகடு இல்லை. உலகம் கேட்ட தாளத்தின் தொடக்கம் அந்த மூடியில்தான் இருந்தது.

அழியும் சான்றுகள்

காய்தல் உவத்தல் இன்றி நோக்கினால் ஸ்டென்சில் டிரம்கள் உயர்ந்த கருவிகள் அல்ல. கூடு மெலிவு, வளையம் கோணும், தாங்கி வழுக்கும், திருகாணியைச் சற்று மிகுதியாக முறுக்கினால் லக் உடையும். ஆயினும் அவற்றைச் செய்து பழகிய கைகளே பின்னர் உயர்ந்தவற்றையும் செய்தன. பேர்ல் நிறுவனம் 1966ஆம் ஆண்டில் கலைஞர்களுக்குரிய முதல் உயர்தர டிரம் செட்டை வெளியிட்டது. யமஹா நிறுவனம் 1967இல் டிரம் செய்யத் தொடங்கியது. ஹோஷினோ நிறுவனம் 1974இல் டாமா என்ற பெயரைச் சூடியது. 1980களில் உலக மேடைகளில் முன்னின்றவை ஜப்பானிய டிரம்களே. பிறர் பெயரைத் தாங்கி உழைத்த காலம், தம் பெயரை ஈட்டிக்கொண்ட காலத்துக்குப் பயிற்சிக் கூடமாயிற்று.

இன்று அந்தப் பயிற்சிக் காலத்தின் சான்றுகளே விரைந்து அழிகின்றன. லட்விக் டிரம் கிடைத்தால் போற்றி வைப்போர், ஸ்டென்சில் டிரம் கிடைத்தால் பிரித்து, லக்கைத் தனியே, வளையத்தைத் தனியே விற்றுவிடுகின்றனர்; கூடு குப்பைக்குப் போகிறது. வேறு சிலர் அன்பினாலேயே அழிக்கின்றனர். பழைய மேலுறையை உரித்துப் புதியதை ஒட்டுகின்றனர். உட்புறத்தைச் சுரண்டி மெருகிடுகின்றனர். மங்கிய தகட்டைக் களைகின்றனர். டிரம் புதியது போல் ஒளிர்கிறது. ஆனால் அது எங்கே, எப்போது பிறந்தது என்று சொல்லக்கூடிய மையும் நிழலும் ஒட்டுத்தாளின் தடமும் போய்விடுகின்றன. ஓலைச்சுவடியைக் கழுவி வெண்மையாக்குவதை ஒத்த செயல் அது.

பழைய டிரம் கையில் கிடைத்தோர் செய்யத்தக்கவை சிலவே. துடைப்பதற்கு முன் நாற்புறமும் படம் எடுத்தல் வேண்டும். ஒரே ஒரு லக்கைக் கழற்றி, அதன் அடியிலுள்ள நிறத்தையும் திருகாணியின் மரையையும் குறித்தல் வேண்டும். உட்புறத்து மரம், பூச்சு, உள்வளையம், முத்திரை ஆகியவற்றை எழுதிவைத்தல் வேண்டும். தகட்டில் உள்ள பெயர் எவ்வளவு மலிவானதாயினும் அதைக் களையலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதை வாசித்தவர் உயிரோடிருந்தால் அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுதல் வேண்டும். கூடு இன்னும் நூறாண்டு இருக்கலாம். கேட்டதற்கு விடை கூறும் வாய் அத்தனை காலம் இராது.

தம் முதல் டிரம் லட்விக் அன்று என்று அறியும் முதியவர் முதலில் சற்று வருந்தலாம். அந்த வருத்தத்துக்கு இடமில்லை. லட்விக் வாங்கப் பணம் இல்லாத ஒரு தந்தை, மகனை ஏமாற்றாமல் இருக்கத் தம்மால் இயன்றதை வாங்கி வந்தார் என்பதையே அந்த மெலிந்த கூடும் முன்பின் கேட்டறியாத பெயரும் தெரிவிக்கின்றன. அது எந்தத் தகட்டிலும் பொறிக்கப்படாத செய்தி. டிரம்மின் உண்மையான பிறப்பை அறிந்த பின்னரே அச்செய்தி புலப்படுகிறது.